பெயில்ஸை எடுக்காத ஊர்

கில்பெக்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நெவிலுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்பதற்கு இந்த வீட்டில் இப்போது அவ்வளவுதான் அர்த்தம். கடலுக்கு அந்தப் பக்கம் நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் தெரியப்படுத்து. ஈஸ்டருக்கு நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. மரம் அறுக்கிற இடத்தில் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், உன் பெரியப்பா இரண்டு விரலை ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். நியூசிலாந்தில் இனிமேல்தான் குளிர் தொடங்கும் என்று எழுதியிருந்தாய், எனக்கு அது இன்னும் தலைகீழாகவே இருக்கிறது, எப்படியானாலும் நெஞ்சை மூடிக்கொண்டு படு, உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி கட்டும். இங்கே ஏப்ரல் கடைசி வரை பனி கொட்டி, மலைமேல் ஆட்டுக்குட்டிகள் கொத்துக்கொத்தாகச் செத்துப் போயின. ஜாய்ஸ் லீட்ஸுக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். உன் அண்ணன் டெரிக்குக்கு நிச்சயமான பெண்ணை ஊரே விதவையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தால் அவள்தான் எத்தனை நாள் தாங்குவாள். போ தாயே, போய் ஒரு நல்ல வாழ்வைத் தேடிக்கொள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

உன் கடிதத்தின் மேல் என் பெயர் மட்டும் இருந்தது. போன செப்டம்பரிலிருந்து அப்படித்தான் வருகிறது. தபால்காரர் கொண்டுவந்தால் அப்பாதான் வாங்குவார், பெயரைப் பார்ப்பார், மேசைமேல் வைத்துவிட்டுப் பால் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். கடைசியாக நீ அவருக்கு எழுதியதை அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நீட்டினார், நானும் படித்தேன். நீங்கதான் அவனைக் கொன்னீங்க, இனி எனக்கு அப்பா கிடையாது என்று எழுதியிருந்தாய். என் பிள்ளை இப்படியா எழுதுவான் என்று நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை, என் வாயில் வந்து நின்றதைத்தானே நீ எழுதினாய். இந்தக் குளிர்காலம் முழுக்கச் சோறு போட்டேன், சட்டை துவைத்தேன், ஆனால் அவரோடு பேசவில்லை. அவரும் என்னோடு பேசவில்லை. இப்போது அவர் சேப்பலுக்குச் சாயங்கால ஜெபத்துக்குப் போயிருக்கிறார், தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ உட்கார்ந்து முழுவதையும் படி, பாதியில் தூக்கிப் போட்டுவிடாதே.

பள்ளிக்கூடத்துப் பிக்கரிங் வாத்தியார் நம்முடைய கிரிக்கெட் கிளப்புக்கு வரலாறு எழுதுகிறார். இந்த வருஷம் எழுபது நிறைகிறதாம், அச்சடித்துப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். வீடு வீடாகப் போய்க் கதை கேட்டார். எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்லியிருப்பார்கள், இந்த ஊரில் வேறு என்ன கதை இருக்கிறது. கல்குவாரிக்காரர்களும் சேப்பல்காரர்களும் சேர்ந்து மெட்காஃப் கிழவனாரின் சரிவு மேய்ச்சலில் கம்பு நட்டு ஆட ஆரம்பித்தது, முதல் ஆட்டத்திலேயே மழை வந்தது, எதிரணி ஓடிப்போய்ச் சுவரோரம் ஒண்டியபோது கிழவனார் நடு மைதானத்தில் நின்றுகொண்டு, கில்பெக்கில் ஸ்டம்ப் மேலிருந்து பெயில்ஸை எடுக்கிற அம்பயர் இன்னும் பிறக்கவில்லை என்று சொன்னது. அன்றைக்குப் பிடித்த வீம்பு. மற்ற ஊர்களில் மழை வந்தால் அம்பயர் அந்தக் குட்டிக் கட்டைகளைத் தட்டிப் பையில் போட்டுக்கொள்வார், ஆட்டக்காரர்கள் உள்ளே போய்த் தேநீர் குடிப்பார்கள். நம் ஊரில் மட்டும் கடைசி விக்கெட் விழுகிறவரை அல்லது சேப்பல் மணி ஏழு அடிக்கிறவரை அவற்றைத் தொடுவது பாவம்.

இதெல்லாம் நீ தொட்டிலில் கேட்டது, உனக்குத் தெரியாததா. மே மாதத்துப் பனிப்பொழிவில் பந்து எங்கே போனதென்று தெரியாமல் கால்தடத்தைப் பார்த்துத் தேடிய கதையும் தெரியும், மூடுபனியில் ஆட்டம் முடிந்து எல்லாரும் கேக்கும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருக்க, எல்லையோரம் நின்ற செருப்புத் தைக்கிற ஓட்ஸ் மட்டும் முடிந்தது தெரியாமல் குனிந்து காத்துக்கொண்டு நின்ற கதையும் தெரியும். அதற்கு நானும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் வாத்தியாருக்காக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெட்காஃப் கிழவனார் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தபடியே செத்துப்போனாரே, அப்போது அவர்மேல் ஒரு கோட்டைப் போட்டு மூடிவிட்டுக் கடைசி விக்கெட் வரை ஆடினார்கள், அவர் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று. முதல் உலகச் சண்டைக்காலத்தில் ஆல்ஃபிரட் கில் மட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் தம்பி பிரான்சில் செத்த தந்தி வந்தது. தபாலாபீஸ் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அவுட் ஆகிறவரை சுவரோரம் நின்றாள், அவன் அவுட் ஆகவே இல்லை, அன்றைக்கென்று பார்த்து அப்படி அடித்தானாம். தம்பி செத்தது தெரியாமல் அவன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும், தெரிந்தவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். இதை நாங்கள் வேதப் பாடம் மாதிரி பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம், எப்பேர்ப்பட்ட ஊர் பார் என்று. இது பெருமையா, இல்லை பைத்தியமா, நீயே சொல்.

போன ஆகஸ்டில் நடந்ததையும் வாத்தியார் எழுதிவிட்டார். எழுதி, எங்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்து, நம் சமையலறையில் உட்கார்ந்து படித்துக் காட்டினார், பாவம், அவர் மனதில் விஷம் கிடையாது. பிப்ரவரியில் கமிட்டி கூடி இதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்களாம், அந்த ஆட்டம் கைவிடப்பட்ட ஆட்டமா இல்லையா என்று. கேப்டன் சிரில், மெட்காஃப் கிழவனாரின் பேரனாயிற்றே, அவன்தான் எழுந்து சொன்னானாம், அம்பயர் பெயில்ஸை எடுக்கவில்லை, மின்னல் விழுந்த அதிர்ச்சியில் அவை தானாக விழுந்தன, ஆகவே நம் பெயருக்குக் களங்கம் இல்லை என்று. எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். நம் அம்பயர் ஹெர்பர்ட் டின்ஸ்டேல், பெற்ற மகனைப் பறிகொடுத்த அந்த நிமிஷத்திலும் கில்பெக்கின் வழக்கத்தைக் காத்தார் என்று வாத்தியார் கண் கலங்கப் படித்தார். உன் அப்பா எழுந்து வெளியே போனார். வாத்தியாரய்யா, எம்பிள்ளை அங்க கருகிக் கெடந்தான், நீங்க கட்டை விழுந்துச்சா எடுத்தாங்களான்னு கணக்குப் பாக்குறீங்க, தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க என்று சொன்னேன். அவர் குடிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யார் யாரோ எழுதியிருப்பார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், ஆனால் தேநீர்க் கொட்டகையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், நான் பார்த்ததும் பாதிதான். எதிரணி ஹார்டேல். மலையின் மேற்குப் பக்கம் சட்டிக்கரி மாதிரி கறுத்திருந்தது. டெரிக் மேல்முனையிலிருந்து பந்து போட்டுக்கொண்டிருந்தான், ஏழு விக்கெட் எடுத்துவிட்டான், இன்னும் இரண்டு விழுந்தால் ஆட்டம் நம்முடையது. அப்பா அந்த முனையில் அம்பயராக நின்றார், அவன் கழற்றிக் கொடுத்த கம்பளிச் சட்டை அவர் இடுப்பில் கட்டியிருந்தது. ஹார்டேலிலிருந்து வந்த இன்னொரு அம்பயர் ஹெஸல்டைன், கொல்லர், இரண்டு தடவை அப்பாவிடம் நடந்து வந்தார், போய்விடலாம், இடி கிட்டே வருகிறது என்று. இரண்டு தடவையும் அப்பா தலையாட்டி மறுத்துவிட்டார். இது வரை ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியும். டெரிக் ஓடி வருவதற்காகச் சுவர்ப் பக்கம் நடந்து போனான், திரும்பினான், அவ்வளவுதான். நான் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்தபோது அப்பா முழங்காலில் இருந்தார், டெரிக்கிடம் போக எழப் பார்த்தார், கால் வரவில்லை, தவழ்ந்து போனார். இனி அதை எழுத என்னால் ஆகாது.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம். சீசனின் முதல் ஆட்டத்தை ஹார்டேலோடு வைத்து, டெரிக் நினைவாக ஆடுவது என்று முடிவு செய்தார்கள். சிரில் வந்து அப்பாவை அம்பயராக நிற்கக் கேட்டான். வேறு யாரும் நிற்கத் தயாராயில்லை, அது வேறு விஷயம். நிற்பதற்கு இவருக்கு முகம் இருக்குமா என்று நான் நினைத்தேன், இவர் சரி என்று ஒரே வார்த்தையில் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மைதானத்தில் இனி கால் வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தவள், கூடையில் ரொட்டியையும் பன்னையும் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் மறுபடியும் அதே இடத்தில் நிற்பதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று பார்க்கத்தான் போனேன், உன்னிடம் எதற்குப் பொய். அவர் தலை குனிவதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மௌனமாக நின்றார்கள். சிரில் ஏதோ நல்லதாகத்தான் பேசினான், எனக்குக் காதில் விழவில்லை. பிறகு ஹார்டேல் ஆடி முடித்தார்கள், தேநீர் ஆயிற்று, நம்மவர்கள் மட்டை பிடித்தார்கள். சொல்லிவைத்த மாதிரி ஆட்டம் கத்திமுனைக்கு வந்து நின்றது. கடைசி விக்கெட், இன்னும் மூன்று ரன், மட்டை பிடித்து நிற்பவன் சிரிலேதான். ஹார்டேல் கையால் போன வருஷம் முழுக்கத் தோற்றிருந்தோம், டெரிக் செத்த அந்த ஆட்டத்தைத் தவிர, அதனால் சுவர் நெடுக ஆள், பேச்சு மூச்சு இல்லை. மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் எழுந்தது. பெரிய மேகம்கூட இல்லை, ஒரு போர்வை அளவு இருக்கும். தூரத்தில் எங்கேயோ ஒரு உறுமல் கேட்டது. பாதிப்பேர் அது இடி என்கிறார்கள், பாதிப்பேர் குவாரிப் பாதையில் கல் லாரி இறங்கிய சத்தம் என்கிறார்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.

பந்து போட ஓடி வந்தவனைக் கையை நீட்டி நிறுத்திவிட்டு, உன் அப்பா குனிந்து பெயில்ஸை எடுத்தார். எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் அம்பயராக நின்ற ஹெஸல்டைன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அவரும் எடுத்துவிட்டார். சிரில் பாதி தூரம் நடந்து வந்து, “என்ன ஹெர்பர்ட் பண்ற? மூணு ரன்னுய்யா” என்றான். அப்பா, “உள்ள போ” என்றார். “அது குவாரி லாரி. ஊருக்கே தெரியும்.” “லாரியாவே இருந்துட்டுப் போகட்டும். எல்லாரும் உள்ள போங்க.” சுவர் மேல் உட்கார்ந்திருந்த எவனோ, ஹெர்பர்ட்டுக்கு ஒரு குடை கொண்டாங்கப்பா என்று கத்தினான். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் அவன் வாயை அடக்கவும் இல்லை. அப்பா பட்டியில் ஆடு அடைக்கிற மாதிரி எல்லாரையும் முன்னால் விட்டு, நம்மவர்கள், ஹார்டேல்காரர்கள், ஒருவர் விடாமல் எண்ணிக் கொட்டகைக்குள் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தார். வந்து வாசற்படியில் கதவின் இரண்டு நிலைக்கால்களையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஒரு சொட்டு மழை விழவில்லை. அந்த மேகம் நம் பக்கம் வரவே இல்லை, வடக்கே ஒதுங்கிப் போயிற்று. சற்று நேரத்தில் மலைமேல் வெயில் அடித்தது, புல்லெல்லாம் மின்னியது, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, அதைப் பார்க்கவே முடியவில்லை. சிரில் மட்டையைக் கீழே போட்டான். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. “எழுபது வருஷம்யா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து. ஒரு லாரிச் சத்தத்துக்கு அழிச்சுப்புட்டியே” என்றான். அப்பா வாசலைவிட்டு நகராமல், “ஆமா, நான்தான் அழிச்சேன். வாத்தியார்கிட்ட என் பேரைப் போட்டே எழுதச் சொல்லு” என்றார். வாத்தியார் அங்கேயேதான் இருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. வெளியே வெயில் காய, உள்ளே இருபத்திரண்டு ஆம்பிளைகள் என் பன்னைத் தின்னாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சேப்பல் மணி ஏழு அடிக்கிறவரை அவர் அந்த வாசலில் நின்றார். மணி அடித்த பிறகுதான் கையை எடுத்தார். அவர் தலை குனிவதைப் பார்க்க வந்தவள் நான், அவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் கொதிக்கிற கெட்டிலை அவன்மேல் ஊற்றிவிடுவேன் என்று நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹெஸல்டைன் துடைத்து வைக்க வந்தார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. திடீரென்று, மிஸஸ் டின்ஸ்டேல், போன வருஷம் உங்கள் மகன் சொன்னதை ஹெர்பர்ட் உங்களிடம் சொல்லியிருப்பாரே என்றார். என்ன சொன்னான் என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டுப் போனார், சொல்லத் தயங்கினார், நான் விடவில்லை. நெவில், முதல் தடவை ஹெஸல்டைன் வந்து கேட்டபோதே அப்பா சம்மதித்துவிட்டாராம். பெயில்ஸை எடுக்கக் கையும் வைத்துவிட்டாராம். டெரிக்தான் ஓடிவந்து அவர் கையைப் பிடித்திருக்கிறான். “அப்பா, அப்பா, ஒரே ஓவர்ப்பா. எட்டாவது விக்கெட்டு என் கையில இருக்கு. வாழ்நாள்ல இப்படிப் பந்து போட்டதில்ல. கெஞ்சிக் கேக்குறேன்” என்றானாம். சிரித்துக்கொண்டே சொன்னானாம். இரண்டாவது தடவை ஹெஸல்டைன் வந்தபோது அப்பா டெரிக்கைத் திரும்பிப் பார்த்தாராம், டெரிக் தூரத்திலிருந்து ஒரு விரலைக் காட்டினானாம், ஒன்றே ஒன்று என்று. சிரிலுக்காகவும் இல்லை, ஊர்ப் பெருமைக்காகவும் இல்லை. பிள்ளை கேட்டான், கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான்தான் பேசினேன், மாதக்கணக்கில் அவரோடு வாய் திறக்காதவள். ஏன் சொல்லவில்லை, ஊர் அத்தனையும் பேசியதே, நான் பேசாமல் இருந்தேனே, பெற்ற பிள்ளை கொலைகாரன் என்று எழுதினானே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் அடுத்த பூட்ஸின் கயிற்றையும் அவிழ்த்தார். “செத்தவன் மேல பழியப் போடச் சொல்றியா? அவன் சின்னப் பையன், கேப்பான். மாட்டேன்னு சொல்றதுக்குத்தான அப்பன்னு ஒருத்தன் நிக்கிறான்” என்றார். அப்புறம் அவர் அழுதார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அடக்கத்தன்றுகூட அழாதவர். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகிற உயிர் போய்விட்டது, இருக்கிற உயிரை நான் எட்டு மாதமாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன், அவர் எப்படி இளைத்துவிட்டார் என்பது அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது.

இன்று காலை சேப்பலில் எங்கள் பக்கத்து பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சிரில் வீட்டார் எங்களைப் பார்த்ததும் எதிர்வரிசைக்குப் போய்விட்டார்கள். பால் வண்டியின் கதவில் எவனோ சுண்ணாம்புக் கட்டியால் குடை படம் வரைந்திருக்கிறான், துடைக்கப் போனேன், விடு, மழை வந்தா தானாப் போயிடும் என்றார். இந்த ஊர் இதை மறக்காது. டெரிக் செத்ததை மறந்தாலும் மறக்கும், இந்த மூன்று ரன்னை மறக்காது. எனக்கு இந்த ஊர்மேல் இருந்த பாசமெல்லாம் நேற்றோடு போய்விட்டது, ஆனாலும் வேறெங்கே போவோம், பிள்ளையைப் புதைத்த மண் இது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். ஹெஸல்டைன் சொன்னதை உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நெவிலுக்கு அண்ணன் ஒருத்தன்தான், அவன்மேல் அவனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, என்மேல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பழகிவிட்டது என்கிறார். நான் அவர் பேச்சைத் தட்டி எழுதுகிறேன். உனக்கு டெரிக்மேல் கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் நேற்று ஒரு நிமிஷம் வந்தது, பிறகு போய்விட்டது, அவன் இருபத்து நாலு வயதில் வாழ்க்கையிலேயே நன்றாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதானே அவன் செய்தது. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவர்மேல் பொய்ப் பழி கிடந்து அழுத்துவதை நான் வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆண்டவர் என்னை இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே நீ அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு வேண்டாம், அவர் பெயர் போட்டு அவருக்கு. மன்னிப்புக் கேட்காதே, கேட்டால் நான் எழுதிவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார், மறுபடி வாயை மூடிக்கொள்வார். டெரிக் பேச்சையும் எடுக்காதே. வானிலை எழுது, உன் சாப்பாட்டைப் பற்றி எழுது, இரண்டு வரி போதும். நான்கு நாள் கழித்து எழுதலாம் என்று தள்ளிப்போடாதே, தள்ளிப்போட்டதெல்லாம் இந்த வீட்டில் என்னவாயிற்று என்று பார்த்தாய். சேப்பல் பாட்டுச் சத்தம் ஓய்ந்துவிட்டது, அவர் இப்போது வந்துவிடுவார், முடித்துக்கொள்கிறேன். கர்த்தர் உன் கையையும் காலையும் வழியையும் காக்கட்டும், உனக்கு நல்ல துணை ஒன்று அமையட்டும், நீ நூறு வயது இரு. கம்பளிக் கையுறையை மறக்காதே. கடிதத்தின் கடைசியில் மட்டும், இந்த வருஷம் ஹார்டேலோடு நடந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அப்பாவைக் கேள், தான் செய்ததை அவரே உனக்குச் சொல்லட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
ஈடித் டின்ஸ்டேல்